ஒரு ஆள்தானே, ஏத்திக்கலாம்: பொங்கல் லீவில் படகும் நாங்களும்

போகி

ஈரோட்டிலிருந்து அக்கா குடும்பம் வந்திருக்கிறது. ஏற்காடு எக்ஸ்பிரஸ் விடிவதற்கு முன்பே சென்ட்ரலுக்கு வந்துவிட, திருவான்மியூர் வரும் வழியெல்லாம் போகிப் புகை. பனியும் புகையும் சேர்ந்ததில் அடையாறு பாலத்தின் மேலிருந்து பார்த்தால் ஆறே தெரியவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்தபடியே மச்சான் திட்டத்தை அறிவித்தார்: இந்தத் தடவை மாலும் வேண்டாம், வண்டலூரும் வேண்டாம், பிள்ளைகளைப் படகில் கூட்டிப் போக வேண்டும்.

"காவேரித் தண்ணியில வளர்ந்த பசங்க மாப்ள. ஒண்ணும் ஆவாது."

கயலுக்குப் பன்னிரண்டு வயது, இனியனுக்கு ஏழு. கயலுக்கு நீச்சல் தெரியும், அதுவும் கால் ஊன்றினால் எட்டும் குளத்தில். இனியனுக்கு அதுவும் கிடையாது. மச்சானுக்குக் கிணற்று நீச்சல். அக்காவுக்கும் அத்தைக்கும் (மச்சானின் அம்மா) தண்ணீர் என்றால் குடத்தில் இருப்பதுதான். இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு சென்னையைச் சுற்றி எந்தத் தண்ணீரில் இறங்கலாம், எதைக் கரையிலிருந்தே பார்த்துவிட்டு வரலாம் என்பதை அன்றன்றைக்கு எழுதி வைக்கிறேன். வார இறுதிகளில் துடுப்புப் போடுகிறவன் என்பதால் சில விஷயங்களில் நான் கறார். மச்சானுக்கு அது பிடிக்காது. அதுவும் வரும்.

மதியம் புகை கலைந்ததும் இனியனுக்கு லைஃப் ஜாக்கெட் வாங்கப் பாரிமுனைப் பக்கம் போனோம். படகுத் துறையில் கொடுப்பார்களே, எதற்குச் செலவு என்றார் மச்சான். பெரியவர்களுக்குக் கொடுப்பார்கள், சரி. ஏழு வயதுப் பையனின் அளவுக்கு எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று நம்பி ஈரோட்டிலிருந்து வரக் கூடாது.

முதல் கடையில் காட்டியது காற்றடைக்கும் ரகம். முன்னால் கார்ட்டூன் மீன் சிரித்தது. குளத்தில் விளையாட அது போதும். உப்பங்கழியில் ஒரு சிப்பி ஓடு கீறினால் மீனும் சிரிக்காது, நாமும் சிரிக்க மாட்டோம். அடுத்த கடையில் ஃபோம் வைத்துத் தைத்தது இருந்தது. உள்பக்கச் சீட்டில் இத்தனை கிலோ முதல் இத்தனை கிலோ வரை என்று எடையும், பக்கத்தில் நியூட்டன் என்று ஓர் எண்ணும் போட்டிருக்கும். அந்த எண்ணைத்தான் யாரும் படிப்பதில்லை. தண்ணீருக்குள் நம் எடையில் பெரும்பகுதியைத் தண்ணீரே தாங்கிவிடுகிறது. பெரிய ஆளுக்கும் மூக்கு மேலே நிற்க இன்னும் நாலைந்து கிலோ அளவுக்குத் தூக்கிக் கொடுத்தால் போதும். பத்து நியூட்டன் என்றால் சுமார் ஒரு கிலோவைத் தூக்கும் விசை. 50 என்று இருந்தால் அது நீந்தத் தெரிந்தவருக்கு, கரை பக்கத்தில் இருக்கும்போது மிதக்க ஒரு துணை. மயங்கியவரை அது மல்லாக்கத் திருப்பிப் போடும் என்று நம்ப முடியாது. 100, அதற்கு மேல், கழுத்துக்குப் பின்னால் காலரோடு வருவதுதான் முகத்தை மேலே திருப்பி வைப்பதற்கென்று செய்தது. நீந்தத் தெரியாத பிள்ளைக்கு அதுதான் வேண்டும்.

கடைக்காரர் ஒரு அளவு பெரிதாக எடுத்து மாட்டினார். "வளர்ற பையன் சார், ரெண்டு வருஷம் வரும்." தீபாவளிச் சட்டையை அப்படி வாங்கலாம். நான் இனியனின் தோள் பக்கம் ஜாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கினேன். ஜாக்கெட் வந்தது, பையன் வரவில்லை. காது இரண்டும் உள்ளே போய்விட்டன, மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. தண்ணீரில் விழுந்தாலும் இதேதான் நடக்கும்: ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை நழுவும். சரியான அளவில், தொடை இடுக்கு வழியாக வந்து முன்னால் மாட்டும் பட்டையோடு ஒன்று கிடைத்தது. விசிலும் கோத்திருந்தது. வாங்கிய பத்தாவது நிமிடத்தில் இனியன் விசிலை ஊதத் தொடங்கியவன், ராத்திரி வரை நிறுத்தவில்லை.

பொங்கல்

இன்று எங்கும் போகவில்லை. பால் பொங்கியது, கரும்பு கடித்தோம், அத்தை ஈரோட்டுக் கணக்கில் நெய் ஊற்றிய சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் நாலு மணி வரை தூங்கினோம்.

சாயந்திரம் கடற்கரைக்கு நடந்தோம். மணலில் ஏற்றி வைத்த ஃபைபர் படகின் நிழலில் ஒரு பெரியவர் வலை கோத்துக்கொண்டிருந்தார். மச்சான் பேச்சுக் கொடுத்தார். நாளைக்குப் படகில் போகிறோம், கடல் எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு அவர் கடலைப் பார்க்கவில்லை, எங்களைத்தான் பார்த்தார். "வாடை இன்னும் விடல. காலைல பார்த்த தண்ணிய நம்பி சாயந்திரத்துக்கு வாக்கு குடுக்காதீங்க" என்றார்.

சென்னைக் காற்றின் கதை அந்த ஒரு வரிதான். விடியற்காலையில் காற்று கரையிலிருந்து மெல்ல வரும், தண்ணீர் வழவழவென்று கிடக்கும். வெயில் ஏற ஏறக் கடல் பக்கமிருந்து காற்று எழும். பதினொரு மணிக்கு மேல் அதே தண்ணீர் வேறு தண்ணீர். ஊர்க்காரர்கள் குளித்து, சாப்பிட்டு, கிளம்பிப் படகுத் துறைக்கு வந்து சேரும் நேரமும் அதுதான் என்பது பெரிய வேடிக்கை.

வீட்டுக்கு வந்ததும் எல்லார் போனிலும் 1554 என்ற எண்ணைப் பதிய வைத்தேன். கடலோரக் காவல் படையின் தேடல், மீட்புக்கான இலவச எண். 1093 கடலோரப் பாதுகாப்புக்கு. ஆம்புலன்ஸ் 108 எல்லாருக்கும் தெரியும். அக்கா மட்டும், "கிளம்பும்போதே இதெல்லாம் பேசறியேடா" என்றாள். அபசகுனமாம். போனைக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னாள்.

மாட்டுப் பொங்கல், முட்டுக்காடு

ஒன்பது மணிக்கே போய்ச் சேர்ந்தும் ஈ.சி.ஆரில் வண்டிகள் நின்றன. முட்டுக்காட்டில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறை. துடுப்புப் படகு, பெடல் படகு, மோட்டார் படகு, ஸ்பீடு போட் எல்லாம் உண்டு. கிழக்கே பாலம், அதைத் தாண்டி முகத்துவாரம், அப்புறம் கடல். பெடல் படகு வேண்டும் என்று கயல், ஸ்பீடு போட் வேண்டும் என்று இனியன், எல்லாரும் ஒன்றாகப் போக வேண்டும் என்று மச்சான்.

படகில் எழுதியிருந்த எண்ணிக்கையைவிட எங்கள் கூட்டம் ஒன்று கூடுதல். மச்சான் வரிசையில் நின்றே வாதத்தைத் தயார் செய்துவிட்டார். "ஏனுங்க தம்பி, சின்னப் பையன், மடியில உட்கார்ந்துக்குவான். ஒரு ஆள்தானே?"

ஏற்றிவிடும் ஊழியர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மடியில உட்கார்ந்தாலும் வெயிட்டு படகு மேலதான் சார்."

அவருக்கு மனதுக்குள் ஒரு மாலை போட்டேன். ஷேர் ஆட்டோவில் நாலாவது ஆள் ஏறினால் நமக்கு இடுப்புதான் வலிக்கும். அந்தப் பழக்கத்தை அப்படியே தண்ணீருக்குக் கொண்டுவருகிறோம். ஊழியருக்குப் பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள், நூறு பேரும் ஒரு ஆள்தானே என்கிறார்கள். நாள் முழுக்க அவர் ஒருவரே மறுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று விட்டுவிடுவது நியாயம் இல்லை. பாதி மறுப்பை நாமே வரிசையில் சேர்வதற்கு முன் சொல்லிக்கொண்டு வரலாம்.

நானும் அத்தையும் கரையில் நின்றுகொண்டோம். மற்றவர்கள் ஏறினார்கள். ஏறுவதிலேயே ஒரு முறை இருக்கிறது. படகின் விளிம்பில் கால் வைத்தால் அது நழுவி விலகும், ஒரு கால் கரையிலும் ஒரு கால் படகிலுமாக நடுவில் நீங்கள். விளிம்பில் வைக்காமல் நடுவில் கால் வைத்து, குனிந்து, உடனே உட்கார வேண்டும். கையில் பை, போன், தண்ணீர் பாட்டில் இருக்கக் கூடாது. அதெல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம். அக்கா சுடிதார்தான் போட்டிருந்தாள், துப்பட்டாவை ஜாக்கெட்டுக்குள் செருகியிருந்தாள். சேலை கட்டி வருபவர்களைத் திட்ட நான் ஆள் இல்லை, ஆனால் தண்ணீருக்குள் ஐந்தரை மீட்டர் துணி காலைச் சுற்றினால் நீந்தத் தெரிந்தவருக்கும் கால் வேலை செய்யாது. தொங்கும் துணி பெடலில் மாட்டுவது வேறு.

கரையில் நின்றால் படகில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாததெல்லாம் தெரியும். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பட்டியை மாட்டாமல் விட்டவர்கள் எத்தனை பேர்! போட்டோவுக்காகத் துறை தாண்டியதும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்ட ஒரு புது மாப்பிள்ளை. ஜாக்கெட்டைக் குஷன் போல அடியில் போட்டு உட்கார்ந்த ஒரு மாமா. திருவள்ளுவர் தினத்துக்காக டாஸ்மாக் மூடியிருந்தும் முந்தின நாளே சமாளித்து வைத்திருந்த வாசனையோடு வந்த ஓர் இளைஞர் பட்டாளம். கொஞ்ச நேரம் குரலை உயர்த்திப் பார்த்தார்கள், பிறகு கரையோடு நின்றுவிட்டார்கள். குடித்தவருக்குத் தரையில் தள்ளாடுவது பாதிப் பிரச்சினைதான். தண்ணீரில் விழுந்தால் மேல் எது, கீழ் எது என்று பிடிபடுவதே அவருக்குச் சிரமம்.

பக்கத்துப் படகில் ஒருவர் நாரையைப் படம் எடுக்க எழுந்தார். உடனே இன்னும் இருவர் எழுந்தார்கள். படகு அந்தப் பக்கம் சாய்ந்தது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்த இடத்தில் நாலு விரல்தான் இருந்தது. படகுக்காரர் கத்தியதும் உட்கார்ந்தார்கள், சிரித்தார்கள். உட்கார்ந்திருக்கும்போது ஒருவரின் பாரம் படகின் தளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. எழுந்தால் அதே பாரம் மேலே போகிறது, சாய்வு கொஞ்சம் கூடினாலும் அது படகை இன்னும் சாய்க்கத்தான் பார்க்கும். அடியில் தேங்கிய தண்ணீர் இருந்தால் அதுவும் தாழ்ந்த பக்கத்துக்கே ஓடிவந்து கூட்டணி சேரும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்யகா என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் கூடினார்கள் என்று அப்போது செய்தி வந்தது. அத்தனை பெரிய படகே தாங்கவில்லை. நாரைக்கு என்ன, உட்கார்ந்து பார்த்தாலும் நாரைதான்.

எங்கள் ஆட்கள் பத்திரமாகத் திரும்பினார்கள். அடுத்து ஸ்பீடு போட். ஓட்டுநரின் மணிக்கட்டிலிருந்து சுருள் சுருளாக ஒரு சிவப்புக் கயிறு இயந்திரத்துக்குப் போவதைக் கயல்தான் முதலில் பார்த்தாள். அவர் தூக்கி எறியப்பட்டால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், இயந்திரம் நிற்கும். அது இல்லாவிட்டால் ஆள் இல்லாத படகு வட்டமடித்துத் திரும்பி, விழுந்தவர் மேலேயே வரலாம், சுழலும் விசிறியோடு. ஸ்பீடு போட்டோ, ஜெட் ஸ்கீயோ, ஏறும் முன் நான் தேடுவது அந்தக் கயிற்றைத்தான். அது ஓட்டுபவரின் உடம்பில் மாட்டியிருக்க வேண்டும், படகின் கொக்கியில் தொங்கினால் பிரயோஜனம் இல்லை. ஜெட் ஸ்கீ பற்றி இன்னொன்று: பயந்துபோய் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் அது திரும்பாது. தண்ணீரைப் பீய்ச்சும் விசையில்தான் அதற்குத் திசையே. புதிதாக ஓட்டுபவர் எதிரே எதையோ பார்த்துக் கையை விடுவார், வண்டி நேராக அதன் மேலேயே போய் நிற்கும்.

அத்தை ஸ்பீடு போட் வேண்டாம் என்றார். நல்லது. முன்பக்கம் உட்கார்ந்தால் ஒவ்வொரு அலைக்கும் தூக்கிப் போடும், அது முதுகெலும்பில் விழும் அடி. வயதானவர்கள், முதுகுவலிக்காரர்கள், கர்ப்பிணிகள் கரையில் இளநீர் குடிக்கலாம். குடித்தோம்.

காணும் பொங்கல்

மெரினாவுக்குப் போகாமல் காணும் பொங்கல் இல்லை என்றார் மச்சான். போனோம், நின்றோம், தலைகளைப் பார்த்தோம். வருடா வருடம் போல இன்றும் யாரும் தண்ணீரில் இறங்காதபடி போலீஸ் தடுப்புக் கட்டியிருந்தது. இனியன் கையில் எங்கள் போன் எண்ணோடு ஒரு பட்டை கட்டிவிட்டார்கள். அவனுக்கு அது பரிசு வாங்கியது மாதிரி ஒரு பெருமை.

நீரில் மூழ்குபவர் கையை ஆட்டி, காப்பாத்துங்க என்று கத்துவார் என்று கயல் நினைத்துக்கொண்டிருந்தாள். பெரும்பாலும் கத்த மாட்டார்கள். வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கும்போது மூச்சுக்கே நேரம் போதாது, கத்துவதற்கு எங்கே? தலை பின்னால் சாய்ந்து, கண் எங்கோ பார்த்தபடி, ஏணி ஏறுவது போலக் கை அசையும். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை சத்தம் போடாமல் ஆகிவிட்டால் அப்போதுதான் திரும்பிப் பார்க்க வேண்டும். பார்த்ததும் குதிக்கவும் கூடாது. மூழ்குபவர் வந்தவரைப் பிடித்து அமுக்கித்தான் மேலே வரப் பார்ப்பார், அன்பெல்லாம் அந்த நேரத்தில் கிடையாது. துடுப்பை நீட்டலாம், கயிறு வீசலாம். மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் காலி கேனை எறிந்தால்கூட அது ஓர் ஆளைத் தாங்கும். அதனால் படகில் போகும் நாளில் காலி கேனை நான் தூக்கிப் போடுவதில்லை.

கரைக்குக் கொண்டுவந்தபின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது சினிமா வைத்தியம். அது வாந்தியை வரவழைத்து மூச்சுக்குழாயை அடைக்கும். மூச்சு இல்லை என்றால் 108-க்குச் சொல்லிவிட்டு முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு, பிறகு மார்பின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல். இதைப் படித்துப் பழக முடியாது, பொம்மை வைத்துச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்குப் போக வேண்டும்.

வெள்ளி, பழவேற்காடு

சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு நுனி நம்மிடம். டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே ஜெல்ட்ரியா கோட்டை கட்டினார்கள். கோட்டையில் இப்போது பார்க்க ஒன்றும் மிச்சமில்லை, டச்சுக் கல்லறை மட்டும் நன்றாக இருக்கிறது. வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இனியனுக்கு மிகவும் பிடித்துப் போயின. ஜனவரி என்பதால் தூரத்தில் பூநாரைகள், வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு கோடு.

மீன் சந்தைப் பக்கம் நின்றிருந்தபோது ஒருவர் வந்து மெல்லக் கேட்டார்: படகில் போய் முகத்துவாரம் பார்க்கலாமா, பறவைகளைக் கிட்டப் போய்ப் பார்க்கலாமா. மச்சான் முகம் மலர்ந்தது. ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்டேன். "முட்டி ஆழம்தான் சார்" என்றார் அவர்.

2011 கிறிஸ்துமஸ் அன்று இந்த ஏரியில்தான் உல்லாசமாக வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்ற நிர்வாகம் தடை போட்டது. 2023 மே 7, கேரளத்தின் தானூர்: அங்கும் 22 பேர், அதில் பிள்ளைகள் நிறைய. மீன்பிடிப் படகை மாற்றி உல்லாசப் படகாக்கி, அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள். மீன்பிடிப் படகு மோசமான படகு இல்லை. வலையும் மீனும் தளத்தில் தாழக் கிடக்கும், நான்கு பேர் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்து நிற்பார்கள். அந்தக் கணக்கில் கட்டிய படகில் இருபது பேரை நிற்க வைத்தால் அது வேறு படகு. முட்டி ஆழம் என்பதும் பாதி உண்மைதான். ஏரி பல இடங்களில் ஆழம் குறைவு. முகத்துவாரத்தை நெருங்க நெருங்க நீரோட்டம் வாரிய பள்ளங்கள் வரும், எங்கே என்று மேலே எழுதி வைத்திருக்காது.

மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்த ஆளிடம், "வேண்டாங்க, குழந்தைங்க இருக்குது" என்று தானே சொல்லிவிட்டார். எனக்கு ஒரு வேலை மிச்சம். நண்டு வாங்கிக்கொண்டு கிளம்பினோம். பூநாரையைப் பார்க்கப் பைனாகுலர் போதும், கரையோரச் சாலையிலிருந்தே நன்றாகத் தெரிகிறது.

சனி, கோவளம்

கயலுக்காக மட்டும் இன்று கயாக், அதாவது குறுகலான சின்னத் துடுப்புப் படகு. காலை ஆறரைக்கு உப்பங்கழிக் கரையில் இருந்தோம். முதலில் விசாரித்த இடத்தில் ஜாக்கெட்டுகளின் கொக்கி உடைந்து, சணல் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தார்கள். ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தேன். ஃபோம் நொறுங்கித் தூளாக விரலுக்கடியில் உருண்டது. வெயிலில் வருடக்கணக்காகக் கிடந்தது. பேசாமல் வந்துவிட்டோம். பக்கத்திலேயே இன்னொரு பயிற்சியாளர், ஒல்லியான பையன், முதல் கேள்வியே நீச்சல் தெரியுமா என்று கேட்டான். இரண்டாவது கேள்வி செருப்பு என்ன செருப்பு. பட்டை வைத்த செருப்போ ஷூவோ இல்லாமல் இறங்கினால் சேற்றுக்குள் இருக்கும் சிப்பி ஓடு உள்ளங்காலைக் கத்தியாகக் கிழிக்கும், இந்தத் தண்ணீரில் அந்தக் காயம் லேசில் ஆறாது. அவனிடமே போனோம்.

ஏறியதும் துடுப்புப் போடச் சொல்லித்தரவில்லை, கவிழச் சொன்னான். இடுப்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே சாய்ந்து விழ வேண்டும். கயல் என்னைப் பார்த்தாள், மூக்கைப் பிடித்தாள், விழுந்தாள். மேலே வந்ததும் முதல் வேலையாகக் கரையை நோக்கிக் கை போட்டாள். "படகை விடாதம்மா!" என்று கத்தினான் பயிற்சியாளன். கவிழ்ந்தாலும் படகு மிதக்கும், தேடி வருபவர் கண்ணுக்கு அதுதான் தெரியும், தனித் தலை தெரியாது. கரை பார்வைக்கு எப்போதும் பக்கத்தில்தான் இருக்கும். அடுத்த தடவை அவள் ஒரு கையில் படகையும் ஒரு கையில் துடுப்பையும் பிடித்துக்கொண்டாள். படகை நிமிர்த்தி, பக்கவாட்டில் நின்று, தவளை போலக் காலை உதைத்து, வயிறு குறுக்கே விழும்படி ஏறி, புரண்டு உட்கார்ந்தாள். முழங்கை சிராய்ந்தது. இன்னொரு முறை என்று அவளே கேட்டாள்.

பிறகு கழிக்குள் போனோம். முகத்துவாரப் பக்கம் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே எல்லை சொல்லிவிட்டான். மழைக்காலத்து வெள்ளம் மணல் திட்டை உடைத்துத் திறந்த வாய் அது. கடல் வற்றும் (நீர்மட்டம் இறங்கும்) நேரத்தில் கழித் தண்ணீர் கடலுக்கு இழுக்கும், எதிரே கடல் அலை உள்ளே தள்ளும். இரண்டும் மோதும் இடத்தில் அலை செங்குத்தாக எழுந்து அதே இடத்தில் உடையும். கயாக் அங்கே நிற்காது. காற்று லேசாக இருந்தபோதே அதற்கு எதிராக முதலில் துடுப்புப் போட வைத்தான்; திரும்பும்போது களைத்திருப்போம், அப்போது காற்று பின்னாலிருந்து தள்ள வேண்டும். பெரும்பாலானவர்கள் காற்றோடு ஜாலியாகப் போய்விட்டுத் திரும்ப முடியாமல் நிற்கிறார்கள்.

தண்ணீர் தோலை உரித்தது மாதிரி சிலிர்க்கத் தொடங்கியபோது மணி பத்துகூட ஆகவில்லை. பயிற்சியாளன் விசில் ஊதி எல்லாரையும் கரைக்கு வரச் சொன்னான். எங்களுக்கு இன்னும் அரை மணி நேரம் பாக்கி இருந்தது. கரையில் இனியனைப் பிடித்துக்கொண்டு நின்ற மச்சான் கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், வெயில் பளிச்சென்று அடித்தது. "இதுல என்ன மாப்ள காத்து? காசு குடுத்தாச்சல்ல?"

கால் மணி நேரத்தில் கழி முழுக்க வெள்ளை நுரை. தனியாக வந்த கயாக்காரர் ஒருவர் எதிர்க்கரை நாணலில் ஒதுங்கிவிட, மோட்டார் படகு போய்க் கட்டி இழுத்து வந்தது. மச்சான் அதைக் கடைசி வரை நின்று பார்த்தார், அரை மணி நேரக் காசைப் பற்றி மறுபடி பேசவில்லை. கோவளத்தில் வஞ்சிரம் வறுவல் சாப்பிடும்போது மட்டும், பவானி கூடுதுறைப் பரிசலுக்கும் இதே ஜாக்கெட் ஆகுமா என்று கேட்டார். ஆகும் என்றேன். பெரியவர்கள் அளவில் நாலு வேண்டும், பாரிமுனைக் கடை ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்றார். திங்கள்தான் போக வேண்டும். ஞாயிறு ராத்திரி இவர்களுக்கு டிக்கெட், அதனால் வாங்கிப் பார்சலில் அனுப்பும் வேலை என் தலையில்.